மாமி போட்ட பொரி

தண்ணீரில் ஊறிப்போன பொரிக்கு ஒரு நாற்றம் உண்டு. புளிப்பும் சளியுமாகக் கிளம்பி, தொண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆயுத பூஜைக்கு யாரோ கொடுத்த பொட்டலத்தை எழுதும் மேசையின் இழுப்பறையில் மறந்துவிட்டேன். ஜன்னல் வழியே மழை உள்ளே இறங்கியிருக்கிறது. பத்து நாள் கழித்துத் திறந்தவன், எழுந்து ஓடிப்போய்க் குழாயடியில் காறித் துப்பினேன். துப்பத் துப்ப எனக்கு இருபத்தெட்டு வயதானது. எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருடம். மயிலாப்பூரில் ஒரு கொல்லை.

அந்த வீட்டின் பின் போர்ஷனில் நானும் மனைவியும் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமி, தனியாக. எனக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. அதற்கு முன் ஆதம்பாக்கத்தில் இருந்தோம். அங்கே தண்ணீர் உப்பு. சோறு மஞ்சளாக வேகும். மனைவியின் தலைமுடி சீப்போடு கொத்தாக வரும். மாமி வீட்டுக் கிணறு இனித்தது. வந்த அன்று மனைவி இரண்டு செம்பு குடித்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்தாள்.

"நீங்க தெற்கத்திச் சைவாள்தானே?" என்று மாமி கேட்டாள். "அப்ப சரி. கவிச்சி வாசனை வரப்படாது. கெணத்துல தீட்டுப் படப்படாது. வேற எனக்கு ஒண்ணும் கண்டிஷன் கிடையாது."

மாமி போன பிறகு மனைவி என்னிடம் சொன்னாள்: "இந்தக் கெணறு போச்சுன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். சும்மா சொல்லலை."

போதாதா? சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது. பழைய புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. கீழே தொட்டியில் மீன், மேலே கல்லுக்குள் செடி, இரண்டுக்கும் ஒரே தண்ணீர். மீனின் கழிவு செடிக்கு உணவு. செடியின் வேர் தண்ணீரைச் சுத்தம் செய்து மீனுக்கே திருப்பிக் கொடுக்கும். கிணறு அரையடி அரையடியாக இறங்கிக்கொண்டிருந்த கோடையில், ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும் அந்தப் படத்தை நான் ஒரு கவிதையைப் போலப் படித்தேன். கவிதையாகப் படித்ததுதான் தப்பு.

மாமியிடம் பயந்து பயந்து கேட்டேன்.

"மீனா!" என்றாள். பிறகு தானாகவே இறங்கி வந்தாள். "கோவில் கொளத்துல இல்லையா என்ன? சாப்பிடத்தானே கூடாது. பாத்தா புண்ணியம்."

கொல்லைச் சுவர் ஓரமாகச் செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, இடுப்பளவு தொட்டி கட்டினேன். பூச்சு வேலை தெரியாது. உள்சுவர் அம்மைத் தழும்பு விழுந்த கன்னம் போல் வந்தது. ஒரு தார் டிரம்மை நெடுக்கில் வெட்டி, செங்கல் கால்களில் நிறுத்தி, ஜல்லி நிரப்பி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். பத்திரிகையில் பம்ப் இருந்தது. என்னிடம் வாளி இருந்தது. காலையில் இருபது வாளி, மாலையில் இருபது வாளி, தொட்டியிலிருந்து மொண்டு ஜல்லியில் ஊற்றுவேன். அது சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும்.

மீனுக்கு அடையாற்றுப் பக்கம் போனேன். ஏரி குளங்களில் வலை போடுகிற ஒருவர் கிடைத்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"இன்னா சாமி, துன்றதுக்கா?"

"வளர்க்க."

"வளத்து?"

அவர் சிரித்தார். "சரி நைனா, வளத்து வளத்து நீயே பாத்துக்கினு இரு." ஆனால் நல்ல மனிதர். புதுச் சிமெண்ட் மீனைக் கொல்லும், வாழைத்தண்டை வெட்டிப்போட்டுப் பத்து நாள் ஊறவை என்றார். தீனி கொஞ்சமாகப் போடு என்றார். கடைசியாக விரலை நீட்டிச் சொன்னார்: "மேல வந்து வாயப் பொளந்துகினு நின்னுச்சின்னா பசின்னு நெனச்சுக்காத. மூச்சு முட்டுது. தீனிய நிறுத்து, தண்ணிய மாத்து. புரிஞ்சுதா?"

புரிந்தது. மிக நன்றாகப் புரிந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

வாழைத்தண்டு அழுகிக் கோழையாகத் தொங்கியது. கையை விட்டு அள்ளினேன். மூன்று நாள் விரலில் அந்த வழுவழுப்பு போகவில்லை. கடையில் பட்டைத் தொடும்போதெல்லாம் அதையே தொட்டேன். பிறகு அறுபது ஜிலேபி மீன் குஞ்சுகள் வந்தன. ஜல்லியில் அரைக்கீரை முளைத்தது. முதல் அறுப்பை மனைவி ஏழு தண்ணீரில் அலசினாள். கடைந்து என் தட்டில் மட்டும் போட்டாள்.

"நீங்க சாப்பிடுங்க. அது எதைக் குடிச்சு வளர்ந்துச்சுன்னு நான் பார்த்துட்டேன்லா."

ஒரு கவளம் எடுத்தேன். கீரையாகத்தான் இருந்தது. ஆனால் மனம் நாக்கின் பேச்சைக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

மாமியும் கீரையைத் தொடவில்லை. "மீன் ஜலத்துல மொளைச்சதா? ராமா!" ஆனால் மீன்களை அவளுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் வந்தால் குளத்துக்குப் போட்டது போக மிச்சப் பொரியை இங்கே கொண்டுவந்து தூவுவாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு தினமும். வருகிறவர்களை எல்லாம் கொல்லைக்கு அழைத்து வந்து, "போடுங்கோ, உங்க கையால ஒரு பிடி போடுங்கோ" என்பாள். குளத்துக்கும் தொட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மீன் தின்றது போக மீந்தது ஊதி, வெளுத்து, அடியில் போய் உட்கார்ந்தது. வாளியில் ஏறி ஜல்லிக்குள் நுழைந்து அடைத்தது. ஜல்லியைக் கிளறினால் கறுப்பாக ஒரு கூழ். கடையில் பக்கத்து கவுண்டர்காரர் என் சட்டையை மோந்துவிட்டு, அழுகின முட்டை நாற்றம் என்றார். நல்ல முட்டையின் வாசனையே எனக்குத் தெரியாது.

"மாமிகிட்டே சொல்லுங்க," என்றாள் மனைவி.

"வருத்தப்படுவாங்க. காலி பண்ணச் சொல்லிட்டா?"

"சொன்னாலும் சொல்லட்டும். சொல்லாம இருந்தா மட்டும் நல்லாயிருமாக்கும்?"

ஆடி மாதம், மூட்டமான ஒரு காலை. அறுபது மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீரின் தோல் முழுக்க வட்ட வட்டமாக ஓட்டைகள், திறந்து மூடித் திறந்து. நான் வாளியோடு நின்றேன். மாமி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், பசி பாருங்கோ! வாயைத் தொறந்துண்டு கேக்கறது!" முறம் நிறையப் பொரி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்து, "போடலாமோல்லியோ?" என்று கேட்கவும் கேட்டாள்.

கேட்டாள். அதுதான் விஷயம். வேண்டாம் மாமி என்றால் தீர்ந்தது. எனக்குக் கிணறு தெரிந்தது, ஆதம்பாக்கம் தெரிந்தது, சீப்பில் முடி தெரிந்தது.

"போடுங்க மாமி," என்றேன். கடைக்குப் போய்விட்டேன்.

மாலையில் திரும்பியபோது தெருமுனையிலேயே நாற்றம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. தொட்டியில் பொரியும் மீனும் ஒரே வெள்ளையாக மிதந்தன. வயிறு மேலாக, ஊதிக்கொண்டு, கண்ணில் ஈயோடு. மாமி மூக்கில் புடவையை அழுத்திக்கொண்டு எட்ட நின்றாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த மீனை எடுக்க எங்கள் மூன்று பேருக்கும் கை வரவில்லை. சாமியைத் தொடுகிற கை, புடவையைத் தொடுகிற கை, சோறாக்குகிற கை. நான் அந்த வலைக்காரரைத் தேடி அடையாற்றுக்கு ஓடினேன். அந்த இடைவெளியில் காக்கைகள் வந்துவிட்டன; மனைவி ஜன்னல் வழியே பார்த்துப் பிறகு சொன்னாள். ஒன்று மீனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தது. மாமி "சூ" என்று கையை ஓங்கினாள். காக்கை பறந்தது. மீன் உள்ளே விழுந்தது.

வலைக்காரர் வந்து வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போட்டார். அடியில் கையை விட்டு ஒரு பிடிக் கூழை எடுத்து மோந்தார்.

"இன்னா சாமி, பொரியா? எவன்யா போட்டது? சொல்லிட்டுத்தானே போனேன் உங்கையில?"

மாமி நின்றுகொண்டிருந்தாள். "நான்தான்," என்றேன். கடைசி நப்பாசை.

"உனுக்கு மீனு வேணா நைனா, பொடவை வித்துக்கினு கெட," என்றார் அவர்.

மறுநாள் மாமி ஆள் வைத்துக் கிணற்றை இறைத்தாள். வறண்ட கோடையில் ஊறின அத்தனை நீரும் சாக்கடையில் ஓடியது. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், "ஆவணி பொறந்தா வேற எடம் பாத்துக்கோங்கோ" என்று மாமி சொல்லிவிட்டாள்.

ஆவணியில் கை வண்டியில் சாமான் ஏறியது. மறுபடி உப்புத் தண்ணீர்ப் பக்கம்தான் இடம் கிடைத்திருந்தது. மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மாமி வாசல் வரை வந்தாள். மனைவிக்குக் குங்குமம் கொடுத்தாள். என்னைப் பார்க்காமல், அவளிடமே சொன்னாள்:

"அடுத்த வீட்டுலயாவது, வேண்டாம்னா வேண்டாம்னு வாயைத் தொறந்து சொல்லச் சொல்லுடி இவரை."