வெறுமையாகத் திரும்பாத பாத்திரம்

சென்ற வாரம் ஒருநாள் காலையில் அக்கராயனிலிருந்து தவமலரின் தம்பி அழைத்தார். அக்காவுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். சற்று நேரத்தில், எங்கள் நிலையத்துக்கு ஆலோசனைக்கு வரும் பெண் ஒருவர் அழைத்தார்.

"மிஸ், அவா தானாச் செய்ததோ?"

"இல்லை. மாரடைப்பு."

"அப்ப அவா வெண்டிட்டா" என்றார்.

வென்றுவிட்டார் என்ற அந்தச் சொல்லைத் தவமலர் விரும்பியிருக்கமாட்டார். தானாகப் போனவர்களைத் தோற்றவர்கள் என்று அவர் சொன்னதில்லை. ஆனாலும் நான் திருத்தவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிளிநொச்சியில் என்னோடு பணியாற்றிய உளவள ஆலோசகர் அவர். போர் முடிந்த பிறகு, சாக வேண்டும் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவேயில்லை. அதை அவர் ஒளித்ததுமில்லை. அதே எண்ணத்தோடு ஆண்டுக்கணக்காக வாழ்பவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

"அது போயிடும் எண்டு பொய் சொல்லமாட்டன். அது கத்தட்டும். நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்" என்பார்.

நான் படித்த முறைப்படி, ஆலோசகர் தன் கதையைச் சொல்வது பிழை. அவர் செய்த இன்னொன்று அதைவிடப் பிழை. வந்தவர்களிடம் மூடி போட்ட பாத்திரத்தில் கறி கொடுத்துவிடுவார். எங்கள் ஊர்களில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. எதையாவது சமைத்து நிரப்பிக்கொண்டு மறுபடி வரத்தான் வேண்டும்.

"இது கட்டாயப்படுத்திறது, அக்கா" என்றேன்.

"ஓம், கட்டாயம்தான். சாவு மட்டும் கட்டாயப்படுத்தலாமோ? நீங்களும் ஒருக்காக் கறி கொண்டு போங்கோ, படிச்ச முகம் கொஞ்சம் தெளியும்."

பாத்திரம் யாரையும் காப்பாற்றியது என்று இன்றும் எழுதமாட்டேன். கடுமையான நாட்களில் அவரும் அதை நம்பியிருக்கவில்லை. வந்தவரின் வீட்டாரிடம் சொல்லி, அவரைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனார். தனக்கு அப்படியொரு நாள் வந்தபோது என்னை அழைத்தார்: "இண்டைக்கு என்னைத் தனிய விடாதேங்கோ." போனேன். பொழுது படும்வரை இருவரும் வெங்காயம் உரித்தோம்.

செத்தவீட்டு முற்றத்தில், "நெஞ்சுவலி எண்டுதான் சொல்லுகினம்" என்று ஒருவர் இழுத்தார். நான் சபையில் குரல் உயர்த்துபவள் அல்ல. அன்று உயர்த்தினேன். "மாரடைப்பு. வேற கதை வேண்டாம்."

தொலைபேசியில் அழைத்த பெண்ணும் வந்திருந்தார். கையில் தவமலரின் பாத்திரம், நிறைய இடியப்பம்.

"இனி ஆரிட்டக் குடுக்கிறது, மிஸ்?"

நான் வாங்கிக்கொண்டேன். "செவ்வாய்க்கிழமை வாங்கோ. ஏதனத்தை வெறுமையாத் தரமாட்டன்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமோ?"

"வந்து சாப்பிட்டுப் பாருங்கோ."

போய் வாருங்கள், தவமலர் அக்கா. அது கத்தட்டும். இன்று செவ்வாய்க்கிழமை, அடுப்பில் பருப்பு வேகிறது.