லூர்தம்மாவுக்குத் துணைக்கு வந்தவர்கள்

கிழமை நாட்களில் இல்ஃபோர்ட் மருந்துக் கடையில் நிற்கும் சிவகௌரி, சனிக்கிழமைகளில் குட்மேய்ஸ் தமிழ்ப் பள்ளியில் வரலாற்று ரீச்சர். அவர் பாடம் தொடங்கினால் சுவர்க் கடிகாரமும் முள்ளை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்கும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்து, ஒரு வருஷத்துக்கு மேலாய்க் கால் தேய நடந்தே வேலைக்குப் போன கதையைச் சொன்ன அன்று, மாணவன் ஆரணன் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டதென்று ரீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் துணிச்சலில்தான் கேட்டார். பள்ளியில் தேத்தண்ணி ஊற்றும் லூர்தம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படிப் போன சிலர் திரும்பியதில்லை.

"வாசலில நாங்கள் நிண்டால் மனிசிக்கு ஒரு தெம்பு. ஆர் ஆர் வாறியள்?"

எல்லாக் கைகளும் எழும்பின. விட்டால் கால்களையும் தூக்கியிருப்பார்கள்.

அரைத்தவணை விடுமுறையில் வந்த அதே செவ்வாய்தான் தமிழ்ப் பள்ளியின் பேச்சுப்போட்டியும். பள்ளித் தலைவர் பாலேந்திரா ரீச்சருக்குப் போன் எடுத்தார்.

"தாய் தேப்பன் விடமாட்டினம் ரீச்சர். எவ்வளவு நாளா வரி பிசகாமல் பாடமாக்கினதுகள்! பேச்சை நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்?"

"என்ன தலைப்பெண்டு தெரியுமோ அண்ணை?"

"தியாகம். அருமையான தலைப்பு."

செவ்வாய் காலை, குடிவரவு அலுவலக வாசலில் மூச்சும் உறைந்து கீழே விழுகிற குளிர். லூர்தம்மா பெரிய பையோடு வந்தார். உள்ளே சுடச்சுட ரோல்ஸ்.

"பிள்ளையள் எங்க ரீச்சர்? வெறும் வயிறோட நிப்பினமெண்டு விடியவே எழும்பிப் பொரிச்சனான்."

"வருகினம். பஸ் பிந்துதாம்."

ரீச்சரின் வாயில் வந்தது அதுதான்.

"ஆற முதல் குடுத்துப்போடுங்கோ" என்று பையைக் கொடுத்துவிட்டு, தெருமுனையை ஒருதரம் பார்த்துச் சிரித்தபடி லூர்தம்மா உள்ளே போனார்.

மாலையில் காவலாளி வெளியே வந்து, அந்த அம்மாவைப் பின்வாசலால் வான் வண்டியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றான். ரீச்சரின் போனில் பாலேந்திரா அனுப்பிய வீடியோ வந்து கிடந்தது. ஆரணனுக்கு முதல் பரிசு. "உயிரையும் கொடுப்போம்!" என்று நெஞ்சில் அடித்தான்; மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை அவனே கேட்டான்: "ரீச்சர், லூர்தம்மா அன்ரி ஏன் வரேல்ல?"

வகுப்பு முழுவதும் பேனையும் கையுமாய்ப் பார்த்தது. ரீச்சர் வரவுப் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கினார். சொன்னால் அதையும் பாடமாக்கிவிடுவார்கள்.