சுவரில் ஓர் எண்ணெய்க் கறை

என் மாமனாருக்குப் போடியில் ஏலக்காய் மண்டி, குரங்கணிக்கு மேலே தோட்டம். புது வீடு கட்டுவதற்காக, சீமையில் படித்துத் திரும்பிய ஒருவரை மதுரையிலிருந்து அழைத்து வந்தார். அவர் வீட்டையும் வரைவாராம், உள்ளே போடும் நாற்காலியையும் வரைவாராம். மண்டி மாடியை அவருக்கே ஒழித்துக் கொடுத்து, மலையிலிருந்து ஈட்டி மரமும் இறக்கிக் கொடுத்தார் மாமனார். "தூணுல ஒரு பூவைக்கூடச் செதுக்காத மனுசனுக்கா இம்புட்டையும் கொட்டுறது?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாமனார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்கோ அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க வேடிக்கை. ஒரு மாதமாகக் கோடே போடவில்லை. கயிறும் கையுமாகப் பழைய வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், எங்கே சாய்கிறார்கள் என்று அளந்து திரிந்தார். மாமியார் எழும்போது பிடித்துக்கொள்கிற கதவு நிலையைக்கூட விடவில்லை. இப்படியும் ஒரு சோலியா!

ஒருநாள் சமையலறைச் சுவரைக் காட்டி மாமனாரிடம் கேட்டார்: "தலை உசரத்துக்கு எண்ணெய்க் கறை இருக்கே, இங்க யாரு நிக்கிறது?"

மாமனாருக்குத் தெரியவில்லை. மாமியார்தான் சொன்னார்: "சின்ன மருமக. கால் மடங்காதுல்ல, நின்னுக்கிட்டேதான் சாப்பிடும்."

தோட்டத்துப் பாதையில் விழுந்து முட்டி உடைந்ததிலிருந்து என்னால் தரையில் உட்கார முடியாது. மாமனார் இருக்கிற வீட்டில் மருமகள் நாற்காலியில் உட்காரக் கூடாது. மற்ற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள். நான் தட்டை ஏந்திக்கொண்டு சுவரில் தலைசாய்த்து நிற்பேன். ஒரு வேளையாவது அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டோமா என்று அவ்வளவு ஏக்கம்.

புது வீட்டுச் சமையலறையில், சுவரோடு சேர்த்து முழங்கால் உயரத்துக்கு நீளமாக, உட்காருவதற்கு ஒரு மேடை கட்டியிருந்தார் அந்த மனிதர். முன்னால் இலை போட ஒடுக்கமான பலகை. ஒரு மூலையில் மட்டும் கால் நீட்டி வைக்க ஒரு சரிவுப் பலகை. அது யாருக்கென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இதென்ன கூத்து! மருமக உசரத்துல, நாங்க கீழயா?" என்று வெடித்தார் மாமியார்.

"ஒக்காரு ஆத்தா. நான் சொல்லித்தான் கட்டுனது" என்றார் மாமனார் என்னைப் பார்த்து.

உட்கார்ந்தேன். ஆனால் எல்லாரும் மாமியாருக்குப் பயந்து தரையிலேயே சாப்பிட்டார்கள். அத்தனை நீள மேடையில் நான் ஒருத்தி. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒருத்திக்கு எதற்கு இத்தனை நீளம்? எல்லாம் அளந்தவர் இதை எப்படித் தப்பாக அளந்தார்?

நான்காம் நாள் மாமியார் கையில் இலையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"தள்ளி ஒக்காருடி."

தள்ளினேன். பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்கும் பத்து வருசமா முட்டி வலிதான். யாரு கேட்டா?"