அம்மா எண்ணத் தவறவில்லை

இதை எழுத நான் பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். அம்மா இருந்தவரை, "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப" என்று தடுத்துவிட்டார்கள். போன வருடம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அடக்க ஆராதனைத் தாளில் நாலு வரி எழுதியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று உடன்பிறந்த ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், வயலில் வேலை செய்கிறவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்வதில் பிழை இருக்காது.

அம்மா வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தார்கள். அம்மாவைப் பெற்றவர்கள் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கூட்டுகிற வேலை அம்மாவின் தெருப் பிள்ளைகளுக்குத்தான் வரும். கூட்டி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு வருவதற்குள் முதல் பாடம் பாதி முடிந்திருக்குமாம். அதனால் அம்மா விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று பாடத்தைக் கேட்பார்களாம். அப்படிப் படித்தே பத்தாம் வகுப்பு தேறினார்கள். இதை அம்மா எங்களிடம் வருத்தமாகச் சொன்னதில்லை. "காது நல்லா பழகிட்டு" என்றுதான் சொல்வார்கள்.

அப்பாவுக்கு ஊர் ஒரத்தநாட்டுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில். குத்தகைக்கு மூன்று மா நிலம் வைத்திருந்தார்கள், மீதி நேரத்தில் வேன் ஓட்டினார்கள். சனி ஞாயிறு ஊழியம். சபை இல்லாத சிற்றூர்களுக்குப் போய் ஜெபக் கூட்டம் நடத்துவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அம்மாவும் கூடவே போனார்கள். பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்களும் போனோம். மூத்தவர் சாமுவேல் அண்ணன், அடுத்து கிரேஸ் அக்கா. நான் நான்காவது. எனக்குப் பின்னால் ஒரு தங்கை, அதற்குப் பின் ஜாய்ஸ், கடைசியாக ஒரு தம்பி. மொத்தம் ஏழு பேர்.

அண்ணனும் அக்காவும் முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார்கள். திருச்சியில் ஒரு கூடுகைக்குப் போயிருந்தபோது, தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தந்து தேர்வு எழுத வைத்த ஒரு சகோதரியை அம்மா சந்தித்தார்கள். திரும்பி வரும்போது வேனில் அப்பாவிடம், "ஏங்க, கர்த்தர் குடுத்த புள்ளைங்க, நானே சொல்லிக் குடுத்துப் பாக்கவா?" என்று கேட்டார்கள். அப்பா கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, "உனக்குத் தெரியாதத யாரு சொல்லிக் குடுப்பா?" என்றார்கள். "தெரியாதத நான் படிச்சிட்டு சொல்லிக் குடுக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு. அப்படித்தான் எங்கள் வீடு பள்ளிக்கூடம் ஆனது.

காலை ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். கஞ்சி குடித்ததும் கூடத்தில் பாய் விரித்து உட்காருவோம். நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தை அம்மா முந்தின நாளே படித்து வைத்திருப்பார்கள். அல்ஜீப்ரா அவர்களுக்குச் சுத்தமாக வராது. பக்கத்து ஊரில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கு நடத்தினார்கள். முப்பத்தைந்து வயதில், இடுப்பில் கைக்குழந்தையோடு, தன்னைவிடப் பாதி வயதுப் பெண்ணின் முன் நோட்டோடு போய் உட்கார்ந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

வேன் போகிற வழியும் எங்களுக்குப் பாடம்தான். பாலம் வந்தால் அது வெண்ணாறா, வெட்டாறா, புது ஆறா என்று சொல்ல வேண்டும். அது எங்கே பிரிகிறது, எந்தப் பக்கம் பாய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாற்றிச் சொன்னால் அடுத்த பாலம் வரை பாட்டுப் பாட முடியாது.

வேன் கிளம்பும் முன் ஒரு ஜெபம் உண்டு. அம்மாவே எழுதியது. ஏழு வரி, ஆளுக்கு ஒரு வரி, வயது வரிசையில். "ஆண்டவரே, முன்னே நீர் நடந்து போம்" என்று அண்ணன் தொடங்குவார். கைக்குழந்தையின் வரியை அம்மா சொல்லி முடிப்பார்கள். ஏழு வரியும் வந்தால் ஏழு பேரும் ஏறிவிட்டோம் என்று கணக்கு. அப்பா அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார்கள். நடுவில் யாராவது தடுமாறினால் மறுபடியும் முதல் வரியிலிருந்து. அப்போது ஜாய்ஸுக்கு ஐந்து வயது. "தாகத்தோடு இருப்பவர்க்குத் தண்ணீர் தாரும்" என்பது அவள் வரி. ஒன்று மறந்துவிடுவாள், இல்லாவிட்டால் நடுவில் சிரித்துவிடுவாள். மூன்று முறை, நான்கு முறை முதலிலிருந்து சொல்வோம். எனக்குப் பதினொரு வயது, பொறுமை கிடையாது. அம்மா தம்பியின் வரியைச் சொல்கிறார்களே, நாமும் சொன்னால் என்ன என்று, பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் குரலிலேயே அவள் வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதுதான் உண்மை.

குறுவை அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் காலைக் கூட்டம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேன் சூடாகிவிட்டதால் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, அப்பா தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் இறங்கினோம். எதிரே வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனது. சின்னப் பாலம் ஒன்றைத் தாண்டி அந்தப் பக்கம், அறுத்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது நான் பின் சீட்டில் ஏறினேன். துணி மூட்டைக்குப் பின்னால் ஜாய்ஸ் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை. அவள் முறை வந்ததும் அவள் வரியைச் சொன்னேன். அம்மா கடைசி வரியைச் சொன்னார்கள். அப்பா வண்டியை எடுத்தார்கள்.

வடுவூர் வந்ததும் அம்மா திரும்பி, பொட்டுக்கடலை தருவதற்காகக் கைகளை நீட்டச் சொன்னார்கள்.

"ஜாய்ஸ் எங்க?"

நான் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். வெறும் பலகைதான் இருந்தது.

"அவ வரிய சொன்னாளே. நான் கேட்டேனே," என்றார்கள் அம்மா.

அப்பா வண்டியைத் திருப்பினார்கள். அந்தப் பாதை முழுதும் வாய்க்கால் எங்கள் கூடவே வந்தது. அம்மா அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். உதடு மட்டும் அசைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஜாய்ஸ் வயல் வரப்பில் வாத்து மேய்க்கும் அம்மாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வாத்துக் குஞ்சு. எங்களைப் பார்த்ததும், "நான் இன்னும் எண்ணி முடிக்கல, அதுக்குள்ள வந்துட்டீங்க" என்றாள். அந்த அம்மாள்தான் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, முந்நூறு வாத்து மேய்க்கிறேன். ஒண்ணு கொறஞ்சா எனக்குத் தெரியும். பெத்த புள்ள கொறஞ்சது உனக்குத் தெரியலையா?"

"உங்களுக்கு இருக்கிற கண்ணு எனக்கு இல்லாம போயிட்டுக்கா," என்று சொல்லி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

டீக்கடையில் நின்ற கூட்டத்தில் எங்கள் பெரியப்பாவைத் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். பெரியப்பா அப்பாவின் அண்ணன், தலைமையாசிரியராக இருந்தவர்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகாதது அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு உறவினர்களோடு வந்துவிட்டார்கள்.

"ஏழு வரைக்கும் எண்ணத் தெரியல. இந்த லட்சணத்துல வீட்டுல பள்ளிக்கூடம்," என்றார்கள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தப்பு என்னுதுதான் மாமா," என்றார்கள் அம்மா. "நான் காதால எண்ணுனேன். கண்ணால எண்ணல."

"திங்கக்கிழம எல்லாத்தையும் அனுப்பு. நான் சேத்துவிடுறேன்."

"ஒரு வருஷம் குடுங்க மாமா. பெரியவனும் கிரேஸும் பத்தாவது எழுதட்டும். ரெண்டு பேருல ஒருத்தர் ஃபெயிலானாலும், நானே எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து உங்ககிட்ட விட்டுடுறேன்."

பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டார்கள். "ஏக்கருக்கு எத்தன மா?"

"மூணு மா, பெரியப்பா."

"மாவுக்கு முப்பத்துமூணு சென்ட்டு. மூணு மாவுக்குத் தொண்ணூத்தொம்பதுதான வருது?"

"மிச்ச ஒரு சென்ட்ட வரப்புக்கு விட்டுடலாம் பெரியப்பா."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சரி, ஒரு வருஷம்," என்று எழுந்தார்கள்.

அடுத்த நாள் காலை அம்மா அடிபம்பில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் அடித்துக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, ஜாய்ஸ் வரிய நாந்தான் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"திரும்பிப் போறப்பவே தெரிஞ்சிட்டு. அவளா சொன்னப்ப அந்த வரி ஒரு நாளும் ஒரே மூச்சுல வந்ததில்ல."

"பெரியப்பாட்ட போய் சொல்லிடவா?"

அம்மா துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்கள். "வேணாம். தங்கச்சிய தொலச்சவன்னு பேரு வந்துச்சுன்னா, உனக்குக் கல்யாணம் பேசுற வரைக்கும் கூடவே வரும். என்னைய எண்ணத் தெரியாதவன்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு என்ன கொறஞ்சிடப்போவுது? பாக்காம கேட்டது என் தப்புதான, அதத்தான நானும் சொன்னேன்."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே, "ஆனா கர்த்தர்ட்ட நீயே சொல்லிடு. அத உனக்காக நான் சொல்ல முடியாது," என்றார்கள்.

அன்றைக்கே சொன்னேன். வேப்பமரத்துக்குப் பின்னால் முழங்கால் போட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து வேன் கிளம்பும் முன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அண்ணனும் அக்காவும் தோற்றால் அம்மாவின் பாய் சுருட்டப்பட்டுவிடும் என்று கடைக்குட்டி தவிர எல்லோருக்கும் தெரியும். அம்மா பத்தாம் வகுப்புப் புத்தகம் முழுவதையும் மறுபடி தானே படித்தார்கள். அடுப்படிச் சுவரில் கரியால் சூத்திரங்கள் எழுதி வைத்திருந்தார்கள். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெரியப்பா வந்து, பழைய வினாத்தாள் கட்டு ஒன்றை வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

இரண்டு பேரும் தனித் தேர்வர்களாக எழுதித் தேறினார்கள். அக்கா கணக்கில் எடுத்த மதிப்பெண்ணைப் பெரியப்பா தாமே ஊரெல்லாம் சொன்னார்கள். பிறகு யாரும் எங்களைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லவில்லை. இன்று அண்ணன் சிங்கப்பூரில் எலக்ட்ரீசியன், அங்கே ஒரு சபையில் மூப்பர். அக்கா அரசுப் பள்ளியில் ஆசிரியை. ஜாய்ஸ் தஞ்சாவூரில் நர்ஸ். கடைசித் தம்பி கால்நடை மருத்துவம் முடித்துவிட்டான். மற்ற இருவரும் கல்லூரி பார்த்தவர்கள். நான் ஒருவன்தான் கணக்கில் ஒரு தடவை தவறி, மறுமுறை எழுதித் தேறி, வயலுக்கு வந்தவன். அப்போதும், "எண்ணத் தெரியாத வாத்தியாரம்மா புள்ளதான" என்றார்கள். அதையும் அம்மாதான் வாங்கிக்கொண்டார்கள்.

கல்யாண வீடு, காது குத்து, கிறிஸ்துமஸ், எங்கே உறவினர் கூடினாலும் யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்கள். கடைசி ஆறு வாரம் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் பார்க்க வந்த ஒரு மாமா, "இவங்கதான் புள்ளைய ரோட்டுல விட்டுட்டு வந்தவங்க" என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அம்மா போர்வைக்குள்ளிருந்து என் விரலைப் பிடித்து அழுத்தினார்கள். பிடித்த பிடியை மாமா போகிறவரை விடவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜாய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "எனக்கு வாத்துதாண்ணே ஞாபகம் இருக்கு. நீ சொன்னதெல்லாம் எனக்கு எதுக்கு, அவங்ககிட்ட சொல்லு" என்றாள். அவர்களிடம் என்றால், உங்களிடம்.

அம்மா படுக்கையில் இருந்தபோது முறை வைத்து வந்து ஜெபித்த சபையாருக்கும் போதகருக்கும், கண்ணியமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், அடக்க நாளில் எங்கள் தெருவுக்கே சோறு பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டு விவசாயக் குடும்பத்தாருக்கும் எங்கள் ஏழு பேரின் நன்றி. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோமே, அந்த வாத்துக்கார அம்மாளுக்கும் நன்றி. பெரியப்பா இந்த மலரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசிப்பார்கள் என்று தெரியும். பெரியப்பா, அம்மாவுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியவில்லை என்று நீங்கள் சொன்ன அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடக்க வீட்டிலேயே இந்தக் கதை மாறிப் போனதைக் கேட்டேன். ஒருவர் இரண்டு பிள்ளைகள் என்றார். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு என்றார். அதற்குப் பிறகு எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகவும் ஒருவர் சொன்னார். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி இதைச் சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். அம்மா ஏழு வரி கேட்டார்கள், ஏழு என்று எண்ணினார்கள். அதில் ஒரு வரியை மகன் பொய்யாகச் சொன்னான். அது தெரிந்தும் அம்மா இருபத்துநாலு வருடம் பழியைத் தன்மேல் வைத்துக்கொண்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். முக்கியமாக, கீழே இருக்கும் பெயரை விட்டுவிட வேண்டாம்.

அம்மாவின் நான்காவது பிள்ளை,
தானியேல்