எரேசரால் போட்ட கோடு

அட்டைப்பெட்டி ஆலையின் வடிவமைப்பு அறையில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்தது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

முதலாளி அவருடைய அக்கா புருஷன். வேறு தகுதி எதற்கு? ஆறு வருடமாக ஜன்னலோர மேசை அவருடையது. அந்த மாதம் தலைமை வடிவமைப்பாளர் ஓய்வு பெற்றார். சோப்புக் கம்பெனியின் புதுப் பெட்டி நல்லபடியாக அமைந்தால் அந்த நாற்காலி மைத்துனருக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்கா சொல்ல வைத்திருந்தாள்.

பெட்டி மூடியைச் சுற்றி விட்டு விட்டு ஒரு கோடு ஓட வேண்டும். கோடு உள்ள இடத்தில் மட்டும் கத்தி இறங்கும். வாங்குகிறவர் அதன் வழியே கிழித்துத் திறப்பார். அவ்வளவுதான் வேலை.

நிபுணர் போட்டோ திருத்தும் மென்பொருளைத் திறந்தார். பிரஷ்ஷால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு எரேசரை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நடுநடுவே அழிக்கத் தொடங்கினார். இருநூறு இடைவெளி. மூன்று நாள்.

பக்கத்து மேசையில் வெட்டும் இயந்திரத்துக்குக் கோப்பு தயாரிக்கும் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இது போட்டோவுக்கான சாஃப்ட்வேர். கோடு வரையிற வெக்டர் சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு கோடு போடுங்க. கோடு அஞ்சு மில்லி, இடைவெளி ரெண்டு மில்லின்னு நம்பர் அடிச்சா அதுவே விட்டு விட்டு வந்துடும். அளவு மாறினாலும் கவலையில்ல."

"நம்பர் அடிக்கிறது குமாஸ்தா வேலைம்மா. நான் வரையிறவன்."

"எங்க சார் வரையிறீங்க? மூணு நாளா அழிச்சிட்டுத்தானே இருக்கீங்க!"

அறை சிரித்தது. நிபுணர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் சோப்புக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது: பெட்டி இரண்டு சென்டிமீட்டர் அகலமாக வேண்டும். நிபுணர் அசரவில்லை. படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். படம் அகன்றது, அதிலிருந்த துண்டுக் கோடுகளும், தின்றுவிட்டுப் படுத்த பூனைகள் போல நீண்டு கிடந்தன. வெட்டும் இயந்திரம் படத்தை ஏற்காது, கோட்டைத்தான் கேட்கும். அதற்கும் வழி வைத்திருந்தார். 'கோடாக மாற்று' என்ற பொத்தானைத் தட்டினார்.

கணினிக்கு அவர் மனதில் இருந்த கோடு எப்படித் தெரியும்? அது கண்டது இருநூறு கறுப்புக் கட்டங்களை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒழுங்காக எல்லை போட்டுக் கொடுத்தது.

"அனுப்பாதீங்க சார். மெஷின் ஒவ்வொரு கட்டத்தையும் சுத்தி வெட்டும். அட்டை ஓட்டை ஓட்டையா விழும்."

"மெஷினுக்கு நீ வக்கீலா?" என்றபடி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆலைக்கு வந்த சோப்புக் கம்பெனி மேலாளர், சோப்பு வைத்த மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். மேசை மீது அட்டைத் துணுக்குகள் உதிர்ந்தன. மூடியைச் சுற்றிலும் வரிசையாகக் குட்டி ஜன்னல்கள்.

"சோப்புக்குக் காத்து வாங்கணும்னு நாங்க கேட்டோமா?" என்றார் மேலாளர். மூடி அவர் கையோடு வந்தது. சோப்பு அவர் காலில் விழுந்தது.

முதலாளி மைத்துனரைப் பார்த்தார்.

"மெஷின் சரியில்ல மாமா."

"அதே மெஷின்ல இப்பவே வெட்டித் தரேன் சார்," என்று அந்தப் பெண் எழுந்து போனார். ஒரு கோடு, இரண்டு எண். மேலாளரின் காபி ஆறுவதற்குள் புதுப் பெட்டி வந்தது. மேலாளர் கிழித்தார், மூடி நேராகப் பிரிந்தது. நம்பாமல் இன்னொன்று கேட்டு அதையும் கிழித்தார். பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அங்கேயே சொன்னார்: "நாளையிலேர்ந்து அந்த ரூமுக்கு நீங்கதாம்மா ஹெட்."

மாலையில் நிபுணர் அக்கா வீட்டுக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"அந்த ஹெட் போஸ்ட நானே விட்டுக்கொடுத்துட்டேன்க்கா. பாவம், பொம்பளப் புள்ள, முன்னேறட்டுமே!"

கணவர் மதியமே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"விட்டுக்கொடுக்கிறதுக்கு அது எப்போடா உன்னோடதா இருந்துச்சு?"