லவோன் நிதியில் ஒரு வரி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நூற்றுப் பன்னிரண்டு உறைகளில் முகவரி ஒட்டியது. பிப்ரவரி கடைசி ஞாயிறு, மதியம், அம்மாவின் சாப்பாட்டு மேசை. முகவரிச் சீட்டுகளை நான் அச்செடுத்தேன். முதல் மூன்று தாள்கள் கோணலாக வந்தன. ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்தேன். அம்மா ஒட்டினாள்.

உறைகளுக்குள் இருந்தவை மாணவர்களின் நன்றிக் கடிதங்கள். எந்த நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கிறதோ, அதைக் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம், கையால் எழுத வேண்டும். அம்மா ஒவ்வொன்றையும் படித்த பிறகுதான் உறையை மூடுவாள்.

"போன வருஷம் ஒரு பையன் செத்துப்போனவருக்கு 'உங்க உடம்பு நல்லா இருக்கும்னு நம்பறேன்'னு எழுதிட்டான்," என்றாள். "நான் கவனிக்கல. அவர் பொண்டாட்டி படிச்சுட்டு எனக்கு போன் பண்ணி அரை மணி நேரம் சிரிச்சா. மறுவாரம் செக் அனுப்பினா."

செவ்வாய் காலை கல்லூரியின் கார் நிறுத்துமிடத்தில் அம்மா விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது அறுபத்தெட்டு. நான் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் முடிந்துவிட்டது.

அம்மாவின் பெயர் ஆர்டித் நைகார்ட். அயோவாவின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறிய கல்லூரி. ஊரில் அதைக் குன்று என்றுதான் சொல்வோம். அதன் நன்கொடை அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தாள். கல்லூரியின் அறக்கட்டளை நிதி அவளுடைய மேசை வழியாகத்தான் வளர்ந்தது. அசலைத் தொடமாட்டார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு நாலரை எடுத்து மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். மீதி வளரும்.

ஒவ்வொரு குளிர்காலமும் நாட்டிலுள்ள கல்லூரிகளின் நிதிப் பட்டியல் வெளியாகும். குன்றில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் நிதி நம்முடையதைப் போல இரண்டு மடங்கு என்று எல்லாரும் புலம்புவார்கள். அம்மா ஒரு பென்சிலை எடுப்பாள்.

"பசங்க எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. அவங்ககிட்ட மூணு மடங்கு பசங்க. தலைக்கு எவ்வளவுன்னு பார்த்தா நாமதான் மேல." சிறிது நேரம் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். பிறகு அவளே கெடுப்பாள். "ஆனா முடங்கிக் கிடக்கறதைக் கழிச்சுட்டு வகுக்கணும். அப்ப நாமதான் கீழ."

நான் குடிநீர் நிலையத்தில் பொறியாளர். அம்மா சொன்னது எனக்கு உடனே புரிந்தது. ஏரியின் கொள்ளளவில் மதகு மட்டத்துக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீரும் சேர்த்தி. கணக்கில் இருக்கும். குழாயில் வராது.

குன்றில் அப்படி நின்ற தண்ணீர், லவோன் நிதி.

லவோன், ஓரின் ஃபாசம் என்ற பால் பண்ணைக்காரரின் மனைவி. அவள் இறந்த வருடம் ஓரின் அலுவலகத்துக்கு வந்து, "லவோன் மாதிரி ஒரு பொண்ணு படிக்கணும்" என்று பணத்தைக் கொடுத்தார். 'மாதிரி' என்றெல்லாம் எழுத முடியாது, தெளிவாக எழுது என்று அன்றைய மேலதிகாரி சொன்னார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த அம்மா தெளிவாக எழுதினாள்: இந்த மாவட்டத்தின் பால் பண்ணையில் தினமும் தன் கையால் மாடு கறக்கும் பெண்ணுக்கு.

அப்போது மாவட்டத்தில் நூற்றுக்கு மேல் பண்ணைகள். இப்போது இரண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நிதியை வாங்கத் தகுதியான பெண் யாரும் இல்லை. யாரும் எடுக்காததால் அது கொழுத்தது.

"நம்மகிட்ட இருக்கறதுலயே நல்லா வளர்றது லவோன் நிதிதான், ஆர்டித்," என்றான் அலுவலகத் தலைவன் வேட். "பட்டியல்ல நம்மை ரெண்டு இடம் மேல தூக்குது."

"உங்க மத்தியானச் சாப்பாட்டையும் திறக்காம வச்சுடுங்க, வேட். சாயங்காலம் டப்பா நிறைஞ்சே இருக்கும்."

எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வரியை அவர் கையெழுத்தால் மாற்றலாம். அதற்குப் பிறகு நீதிமன்றம், வழக்கறிஞர், வருடக்கணக்கு. ஓரினுக்குத் தொண்ணூற்றொன்று. ஏழு ஆண்டுகளாக அம்மா அவர் வீட்டுக்குப் போய்வந்தாள்.

எங்கள் பக்கத்தில் முக்கியமான விஷயத்தை மேசையில் பேச மாட்டோம். காபி, பனி, சோயா விலை, யாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்று ஒரு மணி நேரம் போகும். பிறகு தொடையைத் தட்டி "சரி, அப்போ" என்று எழுந்து, கோட்டை மாட்டி, கதவுப் பிடியில் கை வைத்தபின்தான் வந்த காரியம் வாயிலிருந்து வரும். அம்மா ஏழு ஆண்டுகளும் அப்படித்தான் கேட்டாள். ஓரின் ஏழு ஆண்டுகளும் "பார்க்கலாம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று பொருள்.

உறை ஒட்டியதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, சாலை உறைந்திருந்ததால் நான் காரோட்டினேன். காபி ஆயிற்று. பனி ஆயிற்று. கோட்டும் மாட்டியாயிற்று. கதவு பாதி திறந்திருந்தது.

"ஓரின், ஒரே ஒரு விஷயம்."

"மாட்டு விஷயம்தானே?"

"மாடு எங்க இருக்கு? ரெண்டே பண்ணை. ஒண்ணுல பொண்ணே இல்ல. இன்னொண்ணுல மெஷின் கறக்குது."

"மெஷினைக் காலேஜுல சேர்த்துக்கோ."

"சேர்த்துப்பேன். அது நன்றிக் கடிதம் எழுதாது, அதான் பிரச்சினை."

ஓரின் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்தார். "கறக்கறதை எடுத்துட்டா, லவோன் அதுல எங்க இருப்பா?"

"அந்த வரி உங்களுது இல்ல, ஓரின். என்னுது. நீங்க 'லவோன் மாதிரி'ன்னுதான் சொன்னீங்க. நான்தான் நடுவுல மாட்டைக் கொண்டுவந்து கட்டினேன். தப்பு என்னுது."

"இதை முப்பத்தெட்டு வருஷம் கழிச்சா சொல்றே?"

"ஏழு வருஷமா கதவு வரைக்கும் வந்து, சொல்ல வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிட்டிருக்கேன்."

இதை நானும் அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"உன் பொண்ணு குளிர்ல விறைச்சுட்டா, கதவைச் சாத்து," என்றார் ஓரின். அம்மா சாத்தினாள். நாங்கள் உள்ளேதான் நின்றோம். "அவளுக்கு மாடுன்னா பிரியமெல்லாம் கிடையாது, தெரியுமா? உதைக்கிற மாட்டுக்கு எங்கம்மா பேரை வச்சிருந்தா. நாலரைக்கு எழுந்திருக்கணும், எழுந்தா. அவ்வளவுதான். இப்போ அந்த நேரத்துக்கு யாரு எழுந்திருக்கறா?"

"முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல ரொட்டி போடற பொண்ணு. முட்டைக் கம்பெனியில ரெண்டு பேர். என் பட்டியல்ல பதினொரு பேர் இருக்காங்க. வேலை முடிச்சுட்டு எட்டு மணி வகுப்புக்கு வர்றாங்க."

"தூங்கி வழிவாங்களே."

"வழியறாங்க. ஆனா வர்றாங்க."

"அப்ப அப்படி எழுது. விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போற பொண்ணுன்னு. வியாழக்கிழமை நீயே எடுத்துட்டு வா. தபால்ல வர்றதுல நான் கையெழுத்துப் போடறதில்ல."

நான்கு மைல் தாண்டியதும் காரில் அம்மா கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஹீட்டரைக் குறைடி," என்றாள். அது மிகக் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் படித்ததும் இப்படி ஒரு நிதியில்தான், வேறொரு கல்லூரியில். பம்பு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர் விட்டுப்போனது. ஒவ்வொரு அக்டோபரிலும் அம்மா தொலைபேசியில் கேட்பாள், கடிதம் எழுதியாயிற்றா என்று. பத்தொன்பது வயதில் எரிச்சலாக இருந்தது. அந்தக் குடும்பத்தார் பதில் எழுதினார்கள். அவர்கள் மூலமாகத்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இதற்காக அம்மாவிடம் நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. இங்கே சொல்கிறேன்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் காபியும். சமையல்கட்டு ஏப்ரனைக் கழற்றாமல் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பெயர் ட்ரினா; முதியோர் இல்லத்தில் ரொட்டி போடுபவள்.

"உங்கம்மா என் கடிதத்தை மூணு தரம் திருப்பி எழுத வச்சாங்க," என்றாள். "'உங்கள் உதவிக்கு நன்றி'ன்னு எழுதியிருந்தேன். 'எந்த உதவி, அதை வச்சு நீ என்ன வாங்கின, அதை எழுது'ன்னாங்க. வேதியியல் புத்தகமும் குளிர்கால பூட்ஸும்னு எழுதினேன். பூட்ஸைப் படிச்சுட்டு, நிதி கொடுத்த கிழவர் இன்னொரு ஜோடி அனுப்பினார்." காலைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த ஆண்டு படிக்க முடியுமா என்று கேட்டேன். ஏப்ரல் முதல் வாரம் உதவித்தொகைப் பட்டியல் முடிவாகும், இப்போது கிடைப்பது இந்த ஆண்டோடு சரி, அதில் பெயர் வராவிட்டால் முதியோர் இல்லத்தில் முழுநேர வேலைக்குப் போய்விடுவேன் என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஓரினால் வர முடியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்குக் காபி போட்டு வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்," என்றார். "அன்னைக்கு வந்த ஊர்ப் பத்திரிகையைப் பிரிச்சா, அவ படம்."

  பிறகு அவர் வைத்துவிட்டார்.

வேட் அம்மாவின் மேசையைக் காலிசெய்து கொடுத்தபோது லவோன் நிதிக் கோப்பு ஒன்றையும் கொடுத்தான். "தபால்ல அனுப்பினா ஓரின் கையெழுத்துப் போடமாட்டார். நான் போனா கதவே திறக்கமாட்டார்," என்றான். "நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?"

திங்கட்கிழமையே அம்மா புதிய வரியைத் தட்டச்சு செய்துவிட்டாள். 'விடியுமுன் வேலைக்குப் போய், பின் வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு. லவோன் ஃபாசமைப் போல.' இந்த முறை 'போல' என்பதை யாரையும் கேட்காமல் விட்டுவைத்திருக்கிறாள். கீழே ஓரின் கையெழுத்துப் போட வேண்டிய கோடு. அருகே தேதிக்கு ஒரு கோடு. இரண்டும் காலி.

இன்று மார்ச் பத்து. கோப்பு காரின் முன்னிருக்கையில் இருக்கிறது. ஓரின் வீடு பதினான்கு மைல். அம்மா இல்லாமல் அந்தக் கதவுக்கு இன்னும் போகவில்லை.