இனிப்புநீர் இல்லாத தோட்டம்

வீடு வீடாகப் போய் உடம்பைப் பற்றி விசாரிக்கும் தொழிலில் உள்ளவர்களே, கதவுக்கு வெளியே நிற்பவனின் தனிமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துண்டறிக்கை படித்தே அறிவு பெற்றவன் நான். தொழிற்சங்க மேடையில் தொழிலாளர் உடல்நலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன். சங்கம் என்னை மறந்த பிறகு, பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் டாக்டர் வாணியின் இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுக்கு, எங்கள் மலாக்காத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகளைக் காட்டப் போனேன். நோய் எவ்வளவு என்று எண்ணில் தெரிந்தால், பக்கத்திலேயே டயாலிசிஸ் நிலையம் கேட்கலாம் என்றார். அதற்காகவே போனேன்.

குலுக்கல்

எந்த வீடு என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்காகத் தொலைவிலுள்ள பாச்சாங்குக்கு அலையும் மாரியாயி அக்கா வீடு அதில் விழவில்லை. "முதலில் அந்த அம்மாவைச் சேருங்கள்" என்று சண்டை போட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அங்கிள், நோயாளியா பொறுக்கி எடுத்தா அது ஆய்வு இல்ல, உங்க துண்டறிக்கை."

பார்வை நாள்

அந்தக் காலத்தில் பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், லயத்து வீட்டு வரிசைச் சாக்கடை முதல் நாளே பளபளக்கும். அந்தப் பழக்கம் இரத்தத்திலேயே ஊறிவிட்டது. பல்கலைக்கழகத்து ஆட்கள் வருவதாகக் கோயில் ஒலிபெருக்கியில் சொன்னதும், சனம் சோற்றை நிறுத்தியது. பாகற்காய்ச் சாறு குடித்தது. மாத்திரையைக் கூட்டிப் போட்டது.

லயத்துச் செல்லம்மா வேர்த்து விறுவிறுத்து, இரத்தப் பரிசோதனைக்கு நடுங்கும் விரலை நீட்டினாள். தாதி பதறிப்போய்ச் சீனித் தண்ணீர் கலக்கினாள். செல்லம்மாவுக்கோ வெற்றிக் களை: "கொறச்சலா காட்டுதுல்ல? நம்ம தோட்டத்து மானத்தக் காப்பாத்திட்டேன்லா, அண்ணே!"

வகுப்பறை

டாக்டர் தம் மாணவர்களுக்கு அந்த முடிவுகளைத் திரையில் காட்டிய அன்று நானும் கடைசி வரிசையில் இருந்தேன். பத்து பெரண்டாம் என்னும் பக்கத்து ஊர் வீடமைப்புகளைவிட எங்கள் தோட்டம் ஆரோக்கியமாம்! எழுந்து, எங்கள் சனம் பட்டினி கிடந்த கதையைச் சொன்னேன். டாக்டர் திரையை அணைத்தார். 

வகுப்பு கலைந்ததும் டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுடுவேன், அங்கிள். ஆனா இல்லாத கணக்க வெச்சு நெலையம் கேக்க முடியாதே."

வேன்

மாரியாயி அக்காவிடம் நிலையம் வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாச்சாங் வேனுக்குக் காத்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

வேன் வந்தது. ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினார். "நீங்க கூட்டம் போட்டப்பவும் எவனும் வரல, எனக்கு ஊசி குத்துறப்பவும் எவனும் வரல. சும்மாதானே நிக்கிறீங்க, ஏறுங்கலா தலைவரே."

நோயை மறைக்காதீர்கள் என்று ஆயுள் முழுக்கக் கத்திய நான், மலாக்காவிலேயே நோயில்லாத தோட்டத்தின் தலைவனாக அந்த வேனில் ஏறினேன்.